பதினோராவது வியாழக்கிழமை

கருப்பன் அன்று காலையில் யாரும் சொல்லாமலே முகச்சவரம் செய்துகொண்டான். மோவாயில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதன்மேல் ஈரத் துண்டை அழுத்திக்கொண்டே கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்தான்.

அதைப் பார்த்த கெங்கம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. நம்பிக்கை வைப்பதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

“இன்னிக்கு ஏறிடுவேன், பாரு” என்றான் கருப்பன்.

“ம்” என்றாள். களியைக் கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

வருகிற மாசி வந்தால் மூன்று வருஷம். எண்பத்தொன்றாம் வருஷத்து மாசியில் புளி ஏற்றிக்கொண்டு செங்கம் போன லாரி மொட்டைப்பாறை வளைவில் உருண்டது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த கருப்பனின் தம்பி குப்பன் அந்த இடத்திலேயே போய்விட்டான். உள்ளே டிரைவர் பக்கத்தில் இருந்த கருப்பனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அது ஆரம்பித்தது. முதலில் ரோட்டுக்குப் போக முடியவில்லை. பிறகு ஓடையைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் வேலிப் படலைத் திறந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். “செத்துப் போறேன் கெங்கா, செத்துப் போறேன்” என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வான். ஈட்டிக்கொல்லை ஊரில் எல்லோரையும்விடப் பெரிய சுமை தூக்கியவன், வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்து கூடை முடைய ஆரம்பித்தான்.

குறி கேட்டாயிற்று. தாயத்து கட்டியாயிற்று. கருஞ்சேவல் அறுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஜீப்பில் வந்துகொண்டிருந்த ரஞ்சிதம் அந்த வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயது. கணியம்பாடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். மெட்ராஸில் மனநல ஆலோசனைக்கென்றே படித்தவள். ஊரில் எல்லோரும் “டாக்டரம்மா” என்றார்கள். “நான் டாக்டர் இல்லீங்க, பேசறதுக்கு வர்றவ” என்று பத்து வாரமாகச் சொல்லிப் பார்த்து, சொல்வதை விட்டுவிட்டாள்.

தாயத்தை அவள் கழற்றச் சொல்லவில்லை. “இருக்கட்டும், அது பாட்டுக்கு அது” என்றாள். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தரச் சொன்னாள். முதல் மூன்று வியாழக்கிழமை சும்மா கூடையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலாவது வாரம் வயிற்றில் கையை வைத்து மூச்சு விடக் கற்றுக்கொடுத்தாள். அதன்பிறகு அடி அடியாக நடை. படல் வரை. வழியில் கிடந்த பெரிய கல் வரை. ஓடை வரை. போன வியாழக்கிழமை தார் ரோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினான் கருப்பன். ஊரே பார்த்தது.

இன்று பஸ் ஏற வேண்டும். ஏறியே ஆக வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து ஜீப்பைத் தடுப்பூசி வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மலைக்கு வராது. இனிமேல் கருப்பன்தான் கீழே போய் ரஞ்சிதத்தைப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் பழையபடி வீட்டு மூலை, கூடை. அதோடு, இரண்டு கொல்லை வேலையும் கெங்கம்மாள் தலையில்.

இரண்டு கொல்லை என்றால் இரண்டு மேட்டு நிலம். ஒன்று அவர்களுடையது. இன்னொன்று குப்பனின் பெண்டாட்டி மங்கம்மாளுடையது. கொழுந்தன் போன நாளிலிருந்து ஓரகத்தியின் கொல்லையிலும் கெங்கம்மாள்தான் குனிந்து நிமிர்ந்தாள். உழவுக்கு ஆள் பிடித்தாள், களை எடுத்தாள், பன்றிக்குக் காவல் இருந்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

களியை உருட்டித் தூக்குச் சட்டியில் வைத்தாள். அவள் ஒரு வாயும் சாப்பிடவில்லை.

•

ரஞ்சிதம் அன்று ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். நடந்து வந்தாள். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லியிருந்தாள். இடது கால் வீங்கியிருந்தது. செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது.

“இன்னாம்மா, கால் இப்படி கீது?” என்றாள் கெங்கம்மாள்.

“நேத்து நெல்லிவாசல் பக்கம் ரொம்ப நடந்துட்டேன். பரவால்ல.” ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு ரஞ்சிதம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “ராத்திரி தூங்கினாரா?”

“தூங்கினாரு.”

“சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாரு.”

மூவரும் புறப்பட்டார்கள். கருப்பன் முன்னால், ரஞ்சிதம் பக்கத்தில், தூக்குச் சட்டியோடு கெங்கம்மாள் பின்னால். படல் தாண்டியது. கல் தாண்டியது. ஓடையில் இறங்கி ஏறும்போது கருப்பன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டான். உதடு அசைந்தது. மூச்சை எண்ணுகிறான்.

ஓடைக்கு மேலே மங்கம்மாளின் கொல்லை. சாமை முற்றிச் சாய்ந்து கிடந்தது. மங்கம்மாள் அரிவாளோடு குனிந்திருந்தாள். முப்பது வயது ஆகவில்லை, தலையில் கட்டிய துணிக்குக் கீழே முகம் வெயிலில் கருத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தாள்.

“மாமா, ஜோரா போய்ட்டு வா. அக்கா, நீ மெதுவா வந்தா போதும். நானே அறுத்துக்கிறேன்.”

“அவர ஏத்தி வுட்டுட்டு வந்துடறேன். தனியா கெடந்து சாவாத” என்றாள் கெங்கம்மாள்.

கொல்லையைத் தாண்டினால் தார் ரோடு. ஜீப் ஒதுங்கி நின்றது. டிரைவர் சுப்பிரமணி உள்ளே கால் நீட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கருப்பனும் ரஞ்சிதமும் ஏறுவது, அடுத்த நிறுத்தத்தில் இறங்குவது, ஜீப் பின்னாலேயே வந்து கூட்டிக்கொண்டு திரும்புவது என்று ஏற்பாடு.

பதினோரு மணி பஸ் பதினொன்றே காலுக்கு வந்தது.

கருப்பன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தான். ஒரு காலைப் படியில் வைத்தான். கெங்கம்மாள் மூச்சை விடவில்லை. இன்னொரு காலும் தரையிலிருந்து எழும்பியது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏறு மாமா, எடம் கீது!”

பஸ் கூரையில் சாமை மூட்டைகள். மூட்டைகளின் மேல் தலைப்பாகை கட்டிய ஓர் இளவட்டம், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

கருப்பன் அண்ணாந்து பார்த்தான். கை கம்பியிலிருந்து நழுவியது. பின்னுக்கு இரண்டடி வைத்துத் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மூச்சு கரகரவென்று இழுத்தது.

“ஏறுறியா இல்லியாய்யா?” என்றார் கண்டக்டர். ரஞ்சிதம் கையை அசைத்தாள். விசில் அடித்தது. பஸ் போய்விட்டது.

•

வெள்ளைச் சட்டையெல்லாம் புழுதி. கெங்கம்மாள் அதைத் தட்டிவிடக்கூடப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். பத்து வியாழக்கிழமையும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

ரஞ்சிதம் கருப்பனின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவன் மூச்சு அடங்கும்வரை கூடவே இருந்தாள். அடங்கியதும் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எழுந்து கெங்கம்மாளிடம் வந்தாள்.

“மூணு மணி பஸ்ஸுக்கு மறுபடி ஏத்தணுமாம்மா?” என்றாள் கெங்கம்மாள்.

“புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது. பயந்து இறங்கின இடத்துலயே திரும்ப நிறுத்தணும்னு. எங்க டாக்டரும் அதத்தான் சொல்வாரு.” ரஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு என்னமோ அது சரியாப் படல கெங்கம்மா. இது ரோட்டப் பாத்த பயம் இல்ல. பஸ்ஸப் பாத்த பயமும் இல்ல.”

“பின்ன?”

“அதான் தெரியல. எங்க படிப்புல ஆளுக்கொரு வழி சொல்வாங்க. பயந்த இடத்துக்கே அடி அடியா கூட்டிப் போன்னு சொல்றவங்க ஒரு பக்கம். உள்ள பூட்டி வெச்சிருக்கறத வாய் திறந்து சொல்ல வைன்னு ஒரு பக்கம். நோவு ஒருத்தர்கிட்ட இல்ல, வூட்டுல இருக்கறவங்களுக்கு நடுவுல இருக்குது, எல்லாரையும் சேத்துப் பாருன்னு இன்னொரு பக்கம். ஒண்ண எடுத்தா ஒண்ணுலயே நில்லு, கலக்காதேன்னு டாக்டர் கோவிச்சுக்குவாரு.”

“நாங்க ஒரே வெதயையா போடறோம்?” என்றாள் கெங்கம்மாள் அலுப்போடு. “சாமைக்கு நடுவுல துவரையும் அவரையும் வுடறோம். மழை எதுக்கு ஒத்துப் போவுதோ அது வரும். ஒண்ணையே நம்பிக்கினு இருந்தா மலையில சோறு திங்க முடியாது.”

ரஞ்சிதம் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நொண்டிக்கொண்டு கருப்பனிடம் திரும்பிப் போனாள்.

ரோட்டோரத்தில் இரண்டு கற்கள் கிடந்தன. ஒன்றில் கருப்பனை உட்கார வைத்தாள். எதிரிலிருந்த கல்லைக் காட்டினாள்.

“பஸ் மேல உக்காந்திருந்த ஆளப் பாத்து யாரை நெனச்சுக்கிட்டீங்க?”

“அவனத்தான்.”

“அவரு இந்தக் கல்லுல வந்து உக்காந்திருக்காருன்னு வெச்சுக்குங்க. குப்பன். எதிர்லயே. மூணு வருசம் கழிச்சு. இன்னா சொல்வீங்க அவருகிட்ட?”

கெங்கம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. இது குறி கேட்கிற மாதிரியல்லவா இருக்கிறது! ஆனால் உடுக்கை இல்லை, கற்பூரம் இல்லை. வெயில் அடிக்கிறது. ஜீப்பில் சுப்பிரமணி பேப்பர் படிக்கிறார்.

கருப்பன் வெறும் கல்லை வெகு நேரம் பார்த்தான்.

“குப்பா” என்றான். குரல் உடைந்தது. “குளுரா இருந்துச்சுடா அன்னிக்கு. உள்ள இஞ்சின் சூடு. இதமா இருந்துச்சு. நான் தூங்கிட்டேன்டா. நீ மேல பனியில… நான் தூங்கிட்டேன்.”

ரஞ்சிதம் அவசரப்படவில்லை. “இன்னும் சொல்லுங்க.”

“பெரியவன் நான்தான் மேல உக்காந்து இருக்கணும். நான் உள்ள உக்காந்தேன்.”

“ஏன் உள்ள உக்காந்தீங்க? அவருகிட்டயே சொல்லுங்க.”

கருப்பன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். அவன் கண் ஒரு கணம், இமைக்கிற நேரம்கூட இருக்காது, கெங்கம்மாள் நின்ற பக்கம் வந்துவிட்டுத் தரைக்குப் போயிற்று.

“எனக்கு இடுப்பு வலி” என்றான். “அத்தொட்டு உள்ள உக்காந்தேன்.”

கெங்கம்மாளின் கையிலிருந்த தூக்குச் சட்டி கனத்தது. கீழே வைத்தாள்.

இடுப்பு வலி இல்லை. அன்று விடியலில் அவனுக்கு எந்த வலியும் இல்லை. லாரி கிளம்பும்போது மூட்டைமேல் ஏறப் போனவனின் வேட்டியைப் பிடித்து இழுத்தவள் அவள்தான். சொன்ன சொல்கூட அப்படியே ஞாபகம் இருந்தது. அந்தச் சொல்லோடுதான் அவள் இத்தனை நாளாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். அவனுக்கு மறந்திருக்கும் என்று நினைத்திருந்தாள்.

மறக்கவில்லை. பத்து வியாழக்கிழமையும் இந்த அம்மாள் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் அவன் வாய் திறக்கவில்லை. திறந்தால் பெண்டாட்டி பெயர் வெளியே வருமே என்று மூச்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“பொய்” என்றாள் கெங்கம்மாள்.

இருவரும் திரும்பினார்கள்.

“இடுப்பு வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் சொன்னேன். ‘நீ உள்ள உக்காரு, அவன் எளவட்டம், மேல ஏறிக்கட்டும்’னு நான்தான் வேட்டியப் புடிச்சு இழுத்தேன். அவன் சிரிச்சிக்கினே ஏறினான். ‘அண்ணிக்கு அண்ணன் மேல எம்மாம் பாசம் பாரு’ன்னு சொல்லிக்கினே ஏறினான்.”

“யாருடி உன்னச் சொல்லச் சொன்னது?” கருப்பன் கத்தினான். மூன்று வருஷத்தில் அவன் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. “எதுக்குடி சொன்ன? நான் பாத்துக்கினு இருந்தேன் இல்ல?”

“இன்னாத்தப் பாத்துக்கினு இருந்த? மூலையில குந்திக்கினு கூடதான முடைஞ்ச!”

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். கெங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. இடுப்பு ஒடிந்தவள்போல அந்த வெறும் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரஞ்சிதம் அவள் எதிரில் வந்து நின்று, “கெங்கம்மா, நீங்க கடைசியா எப்ப இந்த ரோட்டுல பஸ் ஏறினீங்க?” என்று கேட்டாள்.

கெங்கம்மாள் யோசித்தாள். “அவரத் தனியா வுட்டுட்டு எங்க போறது?”

“அதக் கேக்கல. எப்ப ஏறினீங்க?”

சந்தைக்கு மங்கம்மாள்தான் போய் வருகிறாள். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குக் காட்டு வழியாக நடந்தே போய் வந்தாள் போன தையில். எல்லோரும் பஸ்ஸில் போனபோது அவள் மட்டும். காரணம் கேட்டவர்களிடம், நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்றாள்.

“அந்த மாசிக்கு அப்புறம் ஏறல” என்றாள் மெதுவாக.

ரஞ்சிதம் கண்ணை மூடித் திறந்தாள். “என் தப்புதான். பத்து வாரமா வர்றேன். அவரு தூங்கினாரா, அவரு சாப்பிட்டாரான்னு உங்ககிட்ட கேட்டேன். உங்களப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நோயாளி ஒருத்தர்னு நெனச்சிட்டேன். எத்தனையோ வூட்டுக்குப் போறேன், எனக்கே இது தோணாமப் போச்சு.”

அவள் முகத்திலும் அலுப்புத்தான் இருந்தது. படித்தவளுக்கும் இப்படி அலுக்குமா என்று கெங்கம்மாள் நினைத்தாள்.

“மங்கம்மாகிட்ட சொல்லணும்” என்றாள்.

“எதுக்குடி?” என்றான் கருப்பன்.

“சொல்லணும்.”

“சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்” என்றாள் ரஞ்சிதம். “சொன்னா பாரம் குறையும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன். அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்னு எனக்கும் தெரியாது. இன்னிக்கே வேணாம்னா வேணாம்.”

“இன்னிக்கு வுட்டா அப்புறம் சொல்ல மாட்டேன்மா. என்ன எனக்குத் தெரியும்.”

“நான் வரட்டுமா கூட?”

“வேணாம்.”

•

மங்கம்மாள் பாதிக் கொல்லை அறுத்திருந்தாள். அறுத்த தாள்களின் அரிகள் வரிசையாகக் கிடந்தன. கெங்கம்மாள் வருவதைப் பார்த்து, “ஏறிட்டாரா?” என்றாள்.

“இல்ல.”

“போவுது வுடு. அடுத்த வாரம் ஏறுவாரு. அந்தப் பக்கம் அருவா இன்னொண்ணு கீது பாரு.”

கெங்கம்மாள் அரிவாளை எடுக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மூன்று வருஷம் தூக்கிச் சுமந்தது நாலு வாக்கியம்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

மங்கம்மாள் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றிருந்தது. பிடித்த தாளை விடவும் இல்லை, அறுக்கவும் இல்லை.

“அவருக்குச் சாவுன்னு ஒண்ணு எழுதி இருந்துச்சு” என்றாள் கடைசியில். “நீ சொல்லலன்னாலும் அவரு மேலதான் ஏறி இருப்பாரு. மேல உக்காந்தா மலை பூரா தெரியும்னு சொல்வாரு.”

கெங்கம்மாளுக்கு உயிர் வந்தது. “மங்கம்மா…” என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“நில்லுக்கா.” மங்கம்மாள் நிமிர்ந்தாள். கண் காய்ந்திருந்தது. “நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. வருசா வருசம் எங்கொல்லையில வந்து குனிஞ்சியே. மழையில நனைஞ்சிக்கினு களை எடுத்தியே. எனக்கு ஜொரம் வந்தப்போ ஒம்போது நாள் எங்கூடயே கெடந்தியே. அதெல்லாம் இதுக்குத்தானா?”

“இதுக்கு ஒண்டி இல்ல மங்கம்மா.”

“எவ்ளோ இதுக்கு? எவ்ளோ எம்மேல இருந்த பிரியத்துக்கு? சொல்லு.”

அது கெங்கம்மாளுக்கே தெரியாது. சாமையையும் துவரையையும் சேர்த்து விதைத்தால் கதிரைப் பார்த்துப் பிரித்துவிடலாம். இதை எதை வைத்துப் பிரிப்பது?

“ஊருல பேசிக்கினாங்க. ஓரகத்தின்னா இவள மாதிரி இருக்கணும்னு. எனக்கும் பெரும. புருசன் போனாலும் அக்கா கீதுன்னு நெஞ்ச நிமித்திக்கினு இருந்தேன். தாய் வூட்டுல வந்து கூப்பிட்டப்போ, வேற எடத்துல கட்டி வெக்கறேன்னு சொன்னப்போ, எங்கக்காவ வுட்டுட்டு வர மாட்டேன்னு அனுப்பிட்டேன். உனுக்காவ.” மங்கம்மாளின் உதடு துடித்தது. “நீ கடனக் கழிச்சிக்கினு இருந்த. நான் அத பிரியம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“அப்படிச் சொல்லாதடி…”

“எங்கொல்லைய வுட்டு எறங்கு.”

“மங்கம்மா.”

“எறங்குக்கா. எனக்குக் கையில அருவா கீது.”

கெங்கம்மாள் வரப்பில் ஏறி இறங்கி ரோட்டுக்கு வந்தாள். கருப்பன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கல்லில் நகர்ந்து இடம் விட்டான். ரஞ்சிதம் தூக்குச் சட்டியைத் திறந்து, களியைப் பிட்டு ஓர் உருண்டையை அவள் கையில் வைத்தாள். கெங்கம்மாள் மென்றாள். விழுங்க முடியவில்லை. தண்ணீர் விட்டு விழுங்கினாள். வெயில் நகர்ந்து புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போயிற்று. சுப்பிரமணி ஒரு தடவை வந்து, “போலாமாம்மா?” என்று கேட்டார். “மூணு மணி பஸ் போகட்டும்” என்றாள் ரஞ்சிதம். “அவரு ஏற வேணாம், உக்காந்து பாத்தா போதும்.”

•

பஸ் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் மங்கம்மாள் ரோட்டுக்கு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். வேறு புடவை. கையில் துணி மூட்டை. கல்லில் உட்கார்ந்திருந்த மூவரையும் பார்க்காமல் எதிர்ப் பக்கமாகப் போய் நின்றாள்.

“எங்க போற மங்கம்மா?” என்றான் கருப்பன்.

“தாய் வூட்டுக்கு.”

“எப்ப வருவ?”

மங்கம்மாள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

கெங்கம்மாள் எழுந்தாள். அருகில் போகத் துணிவு வரவில்லை. “அறுத்துப் போட்டது கெடக்குதே. மழை மூட்டமா கீது” என்றாள். சொன்ன பிறகுதான் இந்த நேரத்தில் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

“கெடந்து நனையட்டும்” என்றாள் மங்கம்மாள்.

பஸ் வந்தது. மங்கம்மாள் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். விசில் அடித்தது.

“இரு! இருய்யா!”

கருப்பன் ஓடினான். கெங்கம்மாள் முதலில் யாரோ என்றே நினைத்தாள். வெள்ளைச் சட்டை பின்புறம் மண்ணோடு ஓடுகிறது. நகர ஆரம்பித்த பஸ்ஸின் பின்படியைப் பிடித்துத் தொற்றி ஏறிவிட்டான். “அந்தப் பொண்ணத் தனியா வுடக் கூடாது” என்று அவன் கண்டக்டரிடம் சொல்வது கேட்டது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

கெங்கம்மாள் கூப்பிட வாயெடுத்தாள். ரஞ்சிதம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “கூப்பிடாதீங்க. ஏறினது அவருக்கே இன்னும் தெரியல.”

ஏறிவிட்டான். மூன்று வருஷம் கழித்து, எண்ணாமல், வயிற்றில் கை வைக்காமல் ஏறிவிட்டான். இதற்காகத்தானே இத்தனை பாடு? ஆனால் கெங்கம்மாள் ரோட்டிலேயே நின்றாள். ஒருத்தி அவளை விட்டுப் போகிறாள், ஒருவன் போகிறவளுக்குப் பின்னால் போகிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

“அம்மா, வளைவு.”

பஸ் போகிற வழியில்தான் மொட்டைப்பாறை வளைவு. ஒரு கல் தொலைவு. ஏறிவிட்டானே தவிர, அந்த இடத்தைத் தாண்ட வேண்டும்.

மலையில் சத்தம் வெகு தூரம் வரும். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இஞ்சின் முனகிக்கொண்டு இறங்கியது. ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். வளைவுக்கு முன்னால் டிரைவர் நீளமாக ஒரு தடவை ஹாரன் அடித்தார். அதன்பிறகு இஞ்சின் சத்தம் நின்றது.

அந்த இடத்தில் பஸ் நிற்காது. நிறுத்தம் கிடையாது. சுவரும் பள்ளமும்தான்.

கெங்கம்மாள் ரஞ்சிதத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காகம் கத்தியது. ஜீப்பிலிருந்து சுப்பிரமணியும் இறங்கி நின்றார். வெகு நேரம் கழித்து, அல்லது வெகு நேரம் என்று தோன்றியதற்குப் பிறகு, இஞ்சின் மறுபடி உறுமியது. பஸ் கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. சத்தம் தேய்ந்து அடங்கியது.

“யாரோ எறங்கி இருக்காங்க” என்றார் சுப்பிரமணி.

“ஜீப்ல ஏறுங்க கெங்கம்மா” என்றாள் ரஞ்சிதம்.

கெங்கம்மாள் ஜீப்பின் அருகே போனாள். கதவைப் பிடித்தாள். நெஞ்சு திமுதிமுவென்று அடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓ, இதுதானா? இதோடுதான் அவன் மூன்று வருஷம் இருந்தானா?

“என்னால ஆவாதும்மா. நான் நடந்தே போறேன்.”

ரஞ்சிதம் வற்புறுத்தவில்லை. சுப்பிரமணியிடம் ஜீப்பை மெதுவாகப் பின்னால் கொண்டுவரச் சொன்னாள். வீங்கிய காலைக் கெந்திக்கொண்டு கெங்கம்மாளின் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள்.

“உங்க காலு…” என்றாள் கெங்கம்மாள்.

“நடங்க.”

ஓரிடத்தில் கெங்கம்மாள் நின்றுவிட்டாள். ரஞ்சிதமும் நின்றாள். ‘வா’ என்றும் சொல்லவில்லை, ‘போதும்’ என்றும் சொல்லவில்லை. பிறகு கெங்கம்மாளே அடுத்த அடியை எடுத்து வைத்தாள். மலைக்கு மேல் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தூறல் பிடித்தது.

கடைசித் திருப்பத்தில் மொட்டைப்பாறை தெரிந்தது. பாறைக்குக் கீழே வளைவும், சுண்ணாம்பு அடித்த தடுப்புச் சுவரும் தெரிந்தன.

சுவரின் மேல் ஒரு உருவம் பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஒன்றுதான். தூறலில் அது கருப்பனா மங்கம்மாளா என்று தெரியவில்லை.

கெங்கம்மாள் ரஞ்சிதத்தின் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.